ப்ளஸ் ஒன் குரூப் பிரிக்கும் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு முடிவு வந்த சூட்டோடு உங்கள் மேஜைக்கு ஒரு பட்டியல் வந்துவிடும். மேலே இருப்பவர்களுக்கு ஃபர்ஸ்ட் குரூப். அடுத்தவர்களுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ். அதற்கும் கீழே காமர்ஸ். மிச்சம் இருப்பவர்களுக்கு வொக்கேஷனல், அதாவது தொழிற்பிரிவு. பள்ளிக்குப் பள்ளி நடுவில் உள்ள வரிசை கொஞ்சம் முன்பின் ஆகலாம். கடைசி வரி மாறி நான் பார்த்ததில்லை. அந்தக் கடைசி வரியில் இருந்த ஒருவன் எழுதுகிறேன்.

1996-லிருந்து 1998 வரை கோவைப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஜெனரல் மெஷினிஸ்ட் படித்தேன். இப்போது கணபதியில் சின்னதாக ஒரு யூனிட் வைத்து, பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து தருகிறேன். படிப்பைக் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை. அந்தப் படிப்புக்குள் எங்களை என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதைப் பற்றித்தான். "உனக்கு இதுதான் ஈஸி. செய்முறைக்கே நானூறு மார்க். எப்படியும் போட்டுவிடுவார்கள். பாஸாகிப் போய்க்கொண்டே இரு." எனக்கு இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். என்னோடு சேர்ந்த பையன்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய இதே வாசகம்தான். இப்போது என்னிடம் வேலைக்கு வரும் பையன்களிடம் கேட்டாலும் அதே வாசகம்தான் வருகிறது. 1,200 மார்க் 600 ஆகிவிட்டது, ஜெனரல் மெஷினிஸ்ட் போய் அடிப்படை இயந்திரவியல் என்று பாடத்தின் பெயரே மாறிவிட்டது, இந்த 'ஈஸி' மட்டும் அப்படியே நிற்கிறது.

ஈஸியா என்று நீங்களே பாருங்கள்.

முதல் சில வாரங்களுக்கு எங்கள் சார் லேத், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின், பக்கமே விடவில்லை. ஆளுக்கொரு இரும்புத் துண்டு, ஓர் அரம், துண்டை இறுக்கிப் பிடிக்க பெஞ்சில் ஒரு வைஸ். ராவு என்றார். அவ்வளவுதான். ராவுவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். அரத்தை முன்னே தள்ளும்போது தொடக்கத்தில் இடது கை அழுத்த வேண்டும், நடுவில் இரண்டு கையும் சமமாக, முடிவில் வலது கை. இதில் கொஞ்சம் பிசகினாலும் அரம் ஆடிவிடும். அரம் ஆடினால் நடு மேடாகி ஓரம் தாழ்ந்துவிடும். கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும். சார் டிரை ஸ்கொயரை, அதாவது மட்டம் பார்க்கும் மூலைமட்டத்தை, அதன்மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். ஓரத்தில் இழை போல வெளிச்சம் கசியும். ஒன்றும் பேசாமல் துண்டைத் திருப்பிக் கொடுப்பார். மறுபடி ராவு. ஒரு பக்கத்தை மட்டமாக்கிய பிறகு, அதற்குச் சரியாக தொண்ணூறு டிகிரியில் அடுத்த பக்கம். இரண்டாவது பக்கத்தைச் சரிசெய்யப் போய் அளவு குறைந்துவிட்டால் அந்தத் துண்டு வீண். புதுத் துண்டு கேட்டு வாங்குவது எளிதில்லை. மெட்டீரியலுக்குப் பள்ளியில் எப்போதும் பஞ்சம். எனவே அளவை விடாமல் ராவக் கற்றுக்கொண்டோம். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து காய்த்துப் போகும்வரை.

அதன்பிறகு ஃபிட்டிங். ஒரு துண்டில் 'வி' வடிவத்தில் வெட்டு, இன்னொன்றில் அதே வடிவத்தில் மூக்கு. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும். உட்கார்ந்தால் போதாது, திருப்பிப் போட்டாலும் உட்கார வேண்டும். வெர்னியர் என்ற அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் வரை படிக்கப் பழகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்று திணறிய பையன்கள் நாங்கள். மூன்றே மாதத்தில் 24.86-க்கும் 24.68-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் தடவியே சொன்னோம். இது பெருமைக்காகச் சொன்னதல்ல. சரி, கொஞ்சம் பெருமையும்தான்.

லேத்துக்கு வந்தபோது விதிகள் வந்தன. சட்டைக் கை மடித்திருக்க வேண்டும், கழுத்தில் கயிறு கூடாது, ஓடும் ஜாப்பை, அதாவது கடையும் துண்டை, கையால் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே சக் கீ. ஜாப்பைப் பிடித்துச் சுழலும் பாகம்தான் சக், அதை இறுக்கும் சாவிதான் சக் கீ. சக்கில் ஜாப்பை இறுக்கிய பிறகு சாவியை எடுக்காமல் மெஷினைப் போட்டால் அது சுழன்று பறந்து வந்து யார் மண்டையையாவது உடைக்கும். சாவியைச் சக்கிலேயே விட்டவனை, மெஷின் ஓடாமல் இருந்தால்கூட, அன்று முழுக்க சார் வெளியே நிறுத்திவிடுவார். கெஞ்சல் எல்லாம் அவரிடம் செல்லாது. என் கடையில் இன்றும் அதே சட்டம்தான்.

இனி கணக்குக்கு வருவோம். "கணக்கு வராது" என்றுதானே எங்களை அங்கே அனுப்பினீர்கள்? எங்கள் பழைய லேத்தில் மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீள மரைத்தண்டு, லீட் ஸ்க்ரூ, அங்குலக் கணக்கில் இருந்தது, ஓர் அங்குலத்துக்கு நான்கு மரை. வெட்ட வேண்டியதோ மில்லிமீட்டர் மரை. ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். அதை ஐந்தால் பெருக்கினால் 127. 127 பகா எண், அதற்குள் போகும் சின்ன எண் ஏதும் கிடையாது. அதனால்தான் அந்த மெஷினில் மெட்ரிக் மரை வெட்ட 127 பல் உள்ள ஒரு கியர் தனியாகத் தேவைப்பட்டது. 2 மில்லிமீட்டர் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி, வேண்டுமா? ஐந்தை இரண்டால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கு: நாற்பது. ஓட்டும் கியர் 40 பல், ஓடும் கியர் 127 பல். பகா எண் என்றால் என்ன என்பதைப் பள்ளியில் பலமுறை படித்திருக்கிறேன். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதோடு முடியவில்லை. இப்படி அங்குல ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் ஹாஃப் நட்டை, அதாவது டூலை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் பிடியை, விட்டுப் பிடிக்கக் கூடாது. விட்டால் டூல் பழைய பள்ளத்தில் விழாது, மரை கெட்டுவிடும். டூலை வெளியே இழுத்து, மெஷினைத் தலைகீழாக ஓட்டித் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு முறையும். பொறுமை இல்லாதவனுக்கு மரை வராது.

டேப்பர், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரிவாகக் கடைவது, இன்னொன்று. பெரிய விட்டம் 40, சின்ன விட்டம் 30, நீளம் 50. வித்தியாசத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 0.1. அது எந்தக் கோணத்தின் டேன் மதிப்பு என்று அட்டவணையில் தேடினால் 5 டிகிரி 43 நிமிடம். டூல் உட்காரும் காம்பவுண்ட் ஸ்லைடை அந்த அளவுக்குத் திருப்பி வைத்துக் கடைய வேண்டும். சைன், காஸ், டேன் என்றாலே தலை சுற்றிய ஒருவன் லாகரிதம் புத்தகத்தைக் கிரீஸ் கையோடு புரட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருந்தால், கணக்கு வராதவன் என்று அவன் பெயருக்கு எதிரே எழுதியிருக்க மாட்டீர்கள்.

இதெல்லாம் தமிழ், ஆங்கிலம், கணிதம், கருத்தியல் தாள், இரண்டு செய்முறைத் தாள், ரெக்கார்டு நோட்டு, டிராயிங் இத்தனைக்கும் நடுவே. பையன்களின் எண்ணிக்கைக்கு லேத் போதாது. தேர்வு நெருங்கினால் காலையில் பள்ளி திறக்கும் முன்பே வந்து முறை போட்டு ஓட்டுவோம். செய்முறைத் தேர்வு அன்று வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் ஒரு வரைபடத்தைக் கொடுப்பார். அளவில் ஜாப்பை முடித்துக் கொடுக்க வேண்டும், கூடவே அவர் கேட்பதற்கு வாய்மொழியாகப் பதிலும் சொல்ல வேண்டும். சில பள்ளிகளில் கையைக் காட்டினாலே மார்க் போட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அப்படிப் போட்டதுதான் இந்தக் குரூப்புக்கு நேர்ந்த பெரிய கேடு. எங்கள் சார் போடவில்லை. அவர் பகுதிநேர ஆசிரியராகச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் நிரந்தரமானவர். ஸ்டாஃப் ரூமில் அவருக்கு இருந்த மரியாதையும் எங்களுக்கு வகுப்பில் இருந்த மரியாதையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மூலத்துக்குப் போனால் இந்தப் பிரிவை யாரும் குப்பைத் தொட்டியாக நினைத்துத் தொடங்கவில்லை. 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி குழு மேல்நிலையில் தொழிற்கல்வி வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 1978-ல் கல்லூரியில் இருந்த பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு போய் ப்ளஸ் டூ வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அதே 1978-ல்தான் நம்மூர்க்காரரான மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழு மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வி பற்றி அறிக்கை கொடுத்தது. வேலூரில் பிறந்து, யுனெஸ்கோவில் பெரிய பதவி வகித்து, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர் அவர். 1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 சதவீதம் பேரும் 1995-க்குள் 25 சதவீதம் பேரும் தொழிற்பிரிவில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. எட்ட முடியாமல் 1992-ல் இலக்கையே ஐந்து வருஷம் தள்ளி வைத்தார்கள். அதே 1986-ல் அப்ரண்டிஸ் சட்டத்தைத் திருத்தி, எங்களைப் போல ப்ளஸ் டூ தொழிற்பிரிவு முடித்தவர்களும் உதவித்தொகையோடு கம்பெனியில் ஒரு வருஷம் பயிற்சி பெற வழி செய்தார்கள். நான் அந்த வழியில் போனவன்தான். அப்படி ஒரு வழி இருப்பதே எங்கள் பள்ளியில் எங்கள் சாரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் உங்களில் சிலர் குறுக்கிடுவீர்கள். தமிழ்நாட்டில் தொழிற்கல்வி என்றாலே சந்தேகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டத்தை 1954-ல் காமராஜர் வந்து தூக்கியெறிந்தார். சரியாகத்தான் செய்தார். செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டும் என்று யாரும் இனி சொல்ல முடியாது. ஆனால் உங்கள் பட்டியலின் கடைசி வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். எங்கள் வகுப்பில் யார் யார் இருந்தோம்? மில் மூடி வேலை போனவர்களின் பிள்ளைகள், தறிக்காரர் பிள்ளைகள், துப்புரவுப் பணியாளர் பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள். டாக்டர் மகன் ஒருவன்கூட இல்லை. ஆசிரியர் மகனும் இல்லை. சட்டம் போட்டுச் செய்ய முடியாததை மார்க் பட்டியல் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. அதற்காகத் தொழிற்பிரிவையே மூடிவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூடினால் அந்தப் பிள்ளைகள் ஃபர்ஸ்ட் குரூப்புக்கா போகப் போகிறார்கள்? பனியன் கம்பெனிக்குப் போவார்கள். குலக்கல்விக்கு நேர் எதிரான வழி ஒன்று உண்டு. விரும்புகிறவன் யாராக இருந்தாலும் உள்ளே வரட்டும், உள்ளே வந்தவன் மேலே போகக் கதவு திறந்திருக்கட்டும்.

அந்தக் கதவுகள் இருக்கத்தான் இருக்கின்றன. பொறியியல் சேர்க்கையில் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு வேறு. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. இதில் ஒரு கோணல் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்து நேராகப் பாலிடெக்னிக் போய் பி.இ. சேர்கிறவனுக்கு மூன்றும் மூன்றுமாக ஆறு வருஷம். எங்கள் வழியில் போகிறவனுக்கு இரண்டு, இரண்டு, மூன்று என்று ஏழு. லேத் முன்னால் இரண்டு வருஷம் நின்றவனுக்கு ஒரு வருஷம் அபராதம்! இதைச் சரிசெய்வது உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆனால் எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று சேர்க்கை அன்றே பையனுக்கும் அவன் பெற்றோருக்கும் சொல்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. 'ஈஸி' என்று சொல்ல ஆகும் அதே நேரம்தான் இதற்கும் ஆகும்.

ஐ.டி.ஐ. இருக்கும்போது பள்ளியில் எதற்கு என்று கேட்கிறார்கள். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் அரசு நவீனமாக்கியது. நல்ல காரியம். ஆனால் ஐ.டி.ஐ.க்குப் போகிறவன் தமிழைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறான். எங்கள் குரூப்பில் திருக்குறளும் இருந்தது, திரெட் கட்டிங்கும் இருந்தது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் படித்ததால்தான் என்னால் ஒரு வரைபடத்தையும் படிக்க முடிகிறது, வங்கி மேலாளருக்குக் கடன் கேட்டு ஒழுங்காக ஒரு கடிதமும் எழுத முடிகிறது. அந்தப் பெரிய தொகையில் ஒரு துளி பள்ளிப் பட்டறைகளுக்கும் வந்திருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நான் படித்த பள்ளியில் எங்கள் சார் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஆள் இல்லாததால் பையன்களைச் சேர்க்கவில்லை, பையன்கள் இல்லாததால் ஆள் போடவில்லை. பட்டறைக் கதவைப் பூட்டினார்கள். லேத்துகள் மேல் தார்ப்பாய் கிடக்கிறது. இது ஒரு பள்ளியின் கதை மட்டும் இல்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கோவைக்காரர்களுக்கு இன்னொன்று. பீளமேட்டைத் தாண்டினால் ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் ஸ்டாப் உண்டு. 1945-ல் ஜி.டி. நாயுடு முன்னின்று தொடங்கிய, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரிலான தொழில்நுட்பக் கல்லூரியின் பெயர் அது. கல்லூரி இடம் மாறி, பெயர் மாறி, இன்று ஜி.சி.டி. என்ற அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகிவிட்டது. பெயர் மட்டும் பஸ் கண்டக்டர் வாயில் நிற்கிறது. தொடங்கியவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், பெரிய தொழிற்படிப்புக்கு நீண்ட வருஷங்கள் தேவையில்லை என்று வாதாடியவர். உங்கள் அளவுகோலில் அவரும் கடைசி வரிதான். இந்த ஊரின் பம்பு, மோட்டார், கிரைண்டர் எல்லாம் அந்த மாதிரிக் கைகளிலிருந்து வந்தவை. இன்று லேத் ஓட்டத் தெரிந்த ஒரு நல்ல டர்னருக்காக நாங்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சி.என்.சி. மெஷின் வந்துவிட்டதே என்பார்கள். புரோகிராமைப் போடுவதற்கும் முன்னால், எந்த டூல் எவ்வளவு ஆழம் தாங்கும், எந்த இரும்பு எப்படிச் சத்தம் போடும் என்று தெரிந்தவன் வேண்டும். என் கடையில் சி.என்.சி. ஓட்டுவது ஒரு பெண். அவள் படித்த காலத்தில் அவளுடைய பள்ளியில் பெண்களுக்கு நர்சிங்கும் தையலும்தான் தொழிற்பிரிவு. மெஷினை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டாள். அந்த வரியையும் திருத்த வேண்டும்.

சரி, கேட்பது இவ்வளவுதான். வரும் சேர்க்கையில் பட்டியலை மேலிருந்து கீழாக வெட்டுவதற்கு முன், ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளையும் பட்டறைக்குள் கூட்டிப் போங்கள். நானூற்றைம்பது மார்க் எடுத்தவன் மெஷின் முன்னால் நின்று போக மறுத்தால் அவனுக்கு இடம் கொடுங்கள். வீட்டில் சண்டைக்கு வருவார்கள், வரட்டும், நாங்கள் வந்து பேசுகிறோம். இருநூறு மார்க் எடுத்தவனை அங்கே அனுப்பினால், இது கஷ்டமான படிப்பு, உன்னால் முடியும் என்று நினைத்துத்தான் அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வாக்கியத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் ஒவ்வொரு வருஷமும் எழுத்தில் கேளுங்கள். கேட்காத இடத்தை ரத்து செய்வது அலுவலகத்துக்கு மிகச் சுலபம்.

எங்கள் பக்கத்திலிருந்து: கணபதி, சின்னவேடம்பட்டிப் பக்கம் பழைய மெஷினிஸ்ட் மாணவர்கள் சிலர் பேசி வைத்திருக்கிறோம். பள்ளியில் நின்றுபோன லேத் இருந்தால் என்ன கோளாறு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்: பெல்ட்டா, மோட்டாரா, பெட் தேய்மானமா, கியர் தொலைந்ததா. வந்து பார்த்து, முடிந்ததைச் செய்துகொடுக்கிறோம். கூலி வேண்டாம், உதிரிப் பாகத்துக்கு மட்டும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தோது. அன்றைக்கு கேட்டைத் திறந்துவிடச் சொல்லி வாட்ச்மேனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், த்ரீ ஃபேஸ் லைனையும் கட் பண்ணாமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ஜெனரல் மெஷினிஸ்ட் பழைய மாணவன்,
கணபதி, கோவை.